பார்த்துக்கொள்ளச் சொன்னான்

அந்தத் துணிக்கடையில் அவளுக்குப் பெயர் கேமராக்கா. அடையாள அட்டையில் வேறொரு பெயர் அச்சாகியிருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். இரண்டாவது மாடிப் படிக்கட்டுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதில் பதினாறு திரைகள், ஒரு சுழல் நாற்காலி, ஒரு வாக்கிடாக்கி, பிளாஸ்கில் டீ. பதினான்கு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று மாடியிலும் யார் எந்தச் சட்டைக்குள் எந்தச் சட்டையை நுழைக்கிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது வேலை. பார்த்ததும் வாக்கிடாக்கியில் சொல்வாள். வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அந்த ஆளை ஓரமாக அழைத்துப் போவார்.

இந்த வேலையில் அவள் கற்றுக்கொண்டது இரண்டுதான். முதலாவது, முகத்தைப் பார்க்கக் கூடாது. முகம் கூசாமல் பொய் சொல்லும், கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இரண்டாவது, ‘சும்மா’ என்கிற வார்த்தை. பிடிபட்ட ஆள் என்ன வயதாக இருந்தாலும், எவ்வளவு படித்திருந்தாலும், வாயைத் திறந்ததும் முதலில் வருவது அதுதான். சும்மா பாத்தேங்க, சும்மா கையில வெச்சிருந்தேன், சும்மா பையில போட்டேன், பில் போடத்தான் போயிட்டிருந்தேன். இந்த உலகத்தில் ஒருத்தரும் எதையும் சும்மா செய்வதில்லை என்பது கேமராக்காவின் தீர்மானமான கட்சி. அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், சாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார். என்ன யோசனை என்று கேட்டாள். சும்மா என்று சொல்லித் தொலைத்தார். அதற்கு அரை மணி நேரம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

அப்பேர்ப்பட்டவளிடம்தான் அவள் தம்பி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனான்.

தம்பிக்குக் கப்பலில் என்ஜின் வேலை. போனால் ஆறு மாதம் கழித்துத்தான் வருவான். அக்கா கீழ் வீட்டிலும் தம்பி மேல் வீட்டிலும் இருந்தார்கள், நடுவில் பதினெட்டுப் படி. புறப்பட்ட அன்று காலை, டாக்சி தெருவில் வந்து நிற்க, அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்து ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்.

“அக்கா, அவளைக் கொஞ்சம் பாத்துக்க.”

“பாத்துக்கறேன், நீ கெளம்பு. என் கண்ணுக்கு என்ன தப்பப் போகுது?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. டாக்சிக்காரர் ஹாரனை அடித்தார், அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

கேமராக்கா அன்று முழுக்கப் பதினாறு திரைகளையும் விட்டுவிட்டு அந்தக் காட்சியையே மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். முகம் கொடுத்துச் சொல்லவில்லை. குரல் கம்மியது. லேசில் அதே முடிச்சை மூன்று தரம் போட்டு மூன்று தரம் அவிழ்த்தான். ஆறு மாதம் கடலில் கிடக்கப் போகிற ஆண்பிள்ளை, பொண்டாட்டியைப் பாத்துக்க என்று அக்காவிடம் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? அவனுக்கு ஏதோ மூக்கில் வேர்த்திருக்கிறது. வாய்விட்டுச் சொல்ல வெட்கம். சரி, பார்த்துவிடலாம் என்று முடிவுகட்டினாள். நாத்தனார் என்றாலே ஒரு கண் கூடுதல் என்பார்கள், இவளுக்குப் பதினாறு.

தம்பி மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்தவள். முன்பெல்லாம் படியேறும்போதே யாரையாவது கிண்டலடித்துக்கொண்டு ஏறுவாள். பல் பிடுங்க வந்தவர்கள் போடுகிற சத்தத்தை அப்படியே செய்துகாட்டிச் சிரிக்க வைப்பாள். அந்தப் பெண் இப்போது மேலே இருக்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் ஜன்னல் திரை இழுத்து மூடியே கிடக்கும். கைபேசி அடித்து ஓயும். கேமராக்கா படியேறிப் போய் மணியை அழுத்தினால், கதவு திறக்க நாலு நிமிஷம் ஆகும்.

“என்ன பண்ணிட்டிருந்தே இவ்ளோ நேரம்?”

“சும்மாதான் அண்ணி. படுத்திருந்தேன்.”

சும்மா! கேமராக்காவின் காது அங்கேயே நிமிர்ந்துகொண்டது. அவள் தோளுக்கு மேலாக எட்டி வீட்டுக்குள் ஒரு பார்வை விட்டாள். செருப்பு எத்தனை ஜோடி, கோப்பை எத்தனை, உள் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா. சாப்பிட்டியா என்றும் கேட்டாள். கேட்கவில்லை என்று அவள் மேல் பழி போடக் கூடாது, தினமும் கேட்டாள். ஆனால் பதிலைச் சரிபார்க்கத்தான் கேட்டாள்.

சரிபார்த்தபோது பதில் உதைத்தது. சாப்பிட்டேன் என்கிறாள், மேல் வீட்டுக் குப்பைப் பையில் ஒரு காய்கறித் தோல் கிடையாது. வாரம் முழுவதற்கும் ரெண்டு பிஸ்கட் உறையும் ஒரு ரொட்டிப் பையும். (குப்பையைக் கிளறுவதா என்று முகம் சுளிக்காதீர்கள், அவளும் கையுறை போட்டுக்கொண்டுதான் கிளறினாள்.) வீட்டில் சமைக்கவில்லை என்றால் வெளியே யாருடனோ சாப்பிடுகிறாள். வேலைக்குப் போகிறேன் என்கிறாள், வாசலில் கிடக்கிற வேலைச் செருப்பு ஐந்து நாளாக ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கேமராக்கா பல் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, கடைவாய்ப் பல்லில் கூச்சம் என்று ஆரம்பித்து, “அங்க ஒரு பொண்ணு இருக்குமே, சிரிக்கச் சிரிக்கப் பேசுமே” என்று நைசாகக் கேட்டாள்.

“அவங்களா? வேலைய விட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்க.”

குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று கேமராக்கா தொடையைத் தட்டிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஆளைப் பிடிக்கப் போகிறோம் என்கிற நேரத்தில் அவளுக்கு எப்போதும் வருகிற சந்தோஷம்தான் அது. அதை நினைத்துப் பின்னால் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

அந்த வாரமே வீட்டுக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடாமல் சொன்னார்.

“இன்னிக்கு உன் தம்பி பொண்டாட்டி என் வண்டியில ஏறினா. கடைசி ஸ்டாப்புல எல்லாரும் எறங்கிட்டாங்க, அவ எறங்கல. எங்கம்மா போகணும்னு கேட்டேன். ‘சும்மாதான் ஏறினேன் அண்ணா’ங்கறா. திருப்பி நம்ம தெருமுனையிலயே கொண்டாந்து விட்டேன். புள்ள மொகமே சரியில்லடி.”

“மொகத்தைப் பாக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது? கையில என்ன இருந்துச்சு?”

“கையில என்ன இருக்கும்? டிக்கெட் இருந்துச்சு. அதைக் கிழிச்சுக் கிழிச்சு மடியில போட்டுட்டிருந்தா.”

“பாத்தீங்களா! எவனோ வர்றேன்னு சொல்லியிருக்கான். வரல. அந்தக் கோவம்.”

வீட்டுக்காரர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். “அவளுக்கு ஏதோ ஒடம்புக்கு முடியலன்னு தோணுது” என்றார். உடம்புக்கு முடியாதவள் ஊரைச் சுற்றுவாளா என்று கேமராக்கா மடக்கினாள். இருபது வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியவருக்கு எங்கே வாயை மூட வேண்டும் என்பது தெரியும், மூடிக்கொண்டார்.

பிறகு பொருள்கள் கீழே இறங்க ஆரம்பித்தன. முதலில் தையல் மிஷின். “நான் தைக்கறதில்ல அண்ணி, நீங்களே வெச்சுக்கங்க.” அப்புறம் இரண்டு நல்ல பட்டுச் சேலை. அதற்குப் பிறகு, ஆசையாகத் தொட்டியில் வளர்த்த நாலு செடி, தண்ணீர் இல்லாமல் பாதி வாடியவை. ஒவ்வொன்றையும் தானே சுமந்து வந்து கொடுத்தாள். கேமராக்கா வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, கடை பில்லின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதியும் வைத்தாள். வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்கிறாள், எவனோடோ ஓடப் போகிறாள். தம்பி திரும்பி வரும்போது நாலு சுவரும் ஒரு கடிதமும்தான் இருக்கும். அப்படி விட்டுவிடுவாளா கேமராக்கா? தாய் தகப்பன் போன பிறகு அவள் வளர்த்து ஆளாக்கிய தம்பி.

செவ்வாயும் வெள்ளியும்தான் அந்தப் பெண் வெளியே போகிற நாள். மத்தியானம் இரண்டரைக்குத் தலைவாரி, இஸ்திரி போட்ட உடுப்பு உடுத்திப் போவாள். ஐந்து மணிக்குக் கண் சிவந்து திரும்புவாள். ஒரு வெள்ளிக்கிழமை கேமராக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள். குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். வெயிலுக்குப் பிடித்த மாதிரியும் இருக்கும்.

அரை மணி நேரம் நடந்த பிறகு ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். கீழே சாவிக் கடை, முதல் மாடியில் டைப் அடித்துக் கொடுக்கிறவர். இரண்டாவது மாடிப் பலகையை ஏசி பெட்டி பாதி மறைத்துக்கொண்டிருந்தது. ‘ஆலோசனை’ என்பது மட்டும் தெரிந்தது. என்ன ஆலோசனை? எதற்கு ஆலோசனை? கேமராக்கா எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் நின்றாள். சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று தன் அடையாள அட்டையை ஜெராக்ஸ் எடுத்தாள். கடைக்காரர் போதுமா என்றார். இன்னொன்று என்றாள். இப்படியே ஒன்பது பிரதி ஆகிவிட்டது.

ஐம்பது நிமிஷம் கழித்து மேலே கதவு திறந்தது. ஓர் ஆள். நாற்பது வயதிருக்கும், கட்டம் போட்ட சட்டை, நெஞ்சு வரைக்கும் தாடி. தம்பி மனைவியோடு படிக்கட்டு முகப்பு வரை வந்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவன் ஒரு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தான். ஏதோ சொன்னான், அவள் தலையாட்டினாள். கேமராக்கா குடைக்குள்ளிருந்தே கைபேசியை நீட்டி நாலு படம் எடுத்தாள். ஒன்றில் தாடி தெளிவாக விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்த கையோடு தம்பிக்கு அனுப்பினாள். கூடவே எழுதினாள். ‘நீ சொன்ன மாதிரியே பாத்துட்டேன். யாரைப் பாக்கப் போறான்னு நீயே பாத்துக்க. மனசை விட்டுடாதே, அக்கா இருக்கேன்.’

கப்பல் நடுக்கடலில் இருந்தது. செய்தி போய்ச் சேரவில்லை என்று கைபேசி ஒற்றை டிக்கையே காட்டிக்கொண்டிருந்தது. சனி போயிற்று, ஞாயிறும் திங்களும் போயின. மேல் வீட்டில் காலடிச் சத்தம்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வெளியே போகவே இல்லை. சண்டை போட்டிருப்பார்கள் என்று கேமராக்கா அதையும் பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.

புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. காலை ஒன்பது மணி சுமாருக்குத் தம்பி மனைவி இறங்கி வந்தாள். குளித்திருந்தாள். முகம் ரொம்ப நாளைக்குப் பிறகு அமைதியாக இருந்தது.

“மேல் வீட்டுச் சாவி அண்ணி. ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும்.”

“எதுக்கு இப்ப?”

“சும்மாதான். தேவைப்படும்.”

போகும்போது கீழ்ப்படியில் நின்று, “அண்ணாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?” என்று கேட்டாள். பரவாயில்லை என்றாள் கேமராக்கா. இன்றைக்குத்தான் ஓடப் போகிறாள் என்று உள்ளுக்குள் நிச்சயம் பண்ணிக்கொண்டாள். தெருப்பக்க ஜன்னலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெட்டியோடு இறங்கட்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

பதினோரு மணிக்குக் கைபேசி அடித்தது. தம்பி. கப்பல் துறைமுகத்தைத் தொட்டிருந்தது.

“அக்கா, என்ன போட்டோ இது?”

“கஷ்டமாத்தான் இருக்கும். நான் பொய் சொல்லலடா. கண்ணால பாத்தேன். வாரத்துக்கு ரெண்டு தடவ அந்தத் தாடிக்காரன்கிட்ட...”

“அது டாக்டர்க்கா.”

“என்ன டாக்டர்?”

“மனநல டாக்டர். நான்தான் ஏற்பாடு பண்ணினேன். ஆறேழு மாசமா அவளுக்கு முடியலக்கா. காலைல எந்திரிக்க முடியல, குளிக்க முடியல. எதுக்கு இருக்கோம்னு கேக்கறா. நான் இந்தத் தடவ கப்பலுக்கே போகலன்னேன். என்னால உங்க பொழப்பும் போகுதான்னு அழுதா. அதனாலதான்...” அவன் குரல் தடுமாறியது. “பாத்துக்கன்னுதானே உங்கிட்ட சொன்னேன்? வேவா பாக்கச் சொன்னேன்?”

கேமராக்கா ஜன்னலோர நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“எங்கிட்ட ஏண்டா சொல்லல?” என்றாள்.

“அவதான் வேணாம்னா. அண்ணிக்குத் தெரிஞ்சா நடிக்கறேன்னு சொல்லுவாங்கன்னா.”

அடி என்றால் அடி. ஆனால் வலிக்க நேரமில்லை. தம்பி கேட்டான், “எப்படி இருக்கா? சிக்னல் வந்ததுலருந்து கூப்பிடறேன், போன் எடுக்கல. இன்னிக்குப் பாத்தியா?”

“காலைல வந்தா. நல்லா இருந்தாடா. தெளிவா இருந்தா. சாவியக் குடுத்துட்டுப் போனா.”

“சாவியா? எதுக்கு?”

“தேவைப்படும்னா. இப்பல்லாம் எதையாவது குடுத்துட்டே இருக்கா. தையல் மிஷின் குடுத்தா, ரெண்டு பட்டுச் சேலை, செடிங்க எல்லாம்...”

பில்லின் பின்பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தாள். படிக்கப் படிக்க அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மாறிற்று. அதே பட்டியல்தான், ஓடிப் போகிறவளின் பட்டியல் என்று அவள் எழுதி வைத்தது. தம்பி அதை வேறு மாதிரி படித்துவிட்டான். அவன் சொல்லாமலே அவளுக்கும் அந்தக் கணம் அது வேறு மாதிரி தெரிந்துவிட்டது.

“அக்கா, மேல போ” என்று கத்தினான். “இப்பவே போ.”

பதினெட்டுப் படியை அவள் எப்படி ஏறினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மணியை அழுத்தினாள், கதவைத் தட்டினாள், பதில் இல்லை. கையில் இருந்த சாவி துவாரத்தில் நுழைய மாட்டேன் என்றது. தலைகீழாகப் பிடித்திருந்தாள், திருப்பிப் போட்டாள். ஒரு வழியாகக் கதவு திறந்தது.

வீடு கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. பாத்திரங்கள் கவிழ்ந்திருந்தன. படுக்கை மடித்திருந்தது. சமையலறைத் தரையில், பிரிட்ஜில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள் தம்பி மனைவி. கண் திறந்திருந்தது. உயிரோடு இருந்தாள். கேமராக்காவுக்கு அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது, ரெண்டு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், முட்டி சொடக்குப் போட்டது.

“என்னம்மா பண்றே?” பழக்கதோஷத்தில் அதுவே வாயில் வந்தது.

“சும்மாதான் அண்ணி.”

பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையை அவள் நம்பினாள். இந்தப் பெண் நிஜமாகவே சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திருக்க ஒரு காரணம் இல்லாமல், உட்கார்ந்திருக்கவும் ஒரு காரணம் இல்லாமல். பஸ்ஸில் ஏறியதும் சும்மாதான். மத்தியானம் வரை படுத்திருந்ததும் சும்மாதான். எல்லாத் தடவையும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் ஒருத்தி அதைத் திருட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறாள்.

கேமராக்காவுக்கு இதமாகப் பேசத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். முன்பின் தெரியாத ஆளை நிறுத்தி, பையில் என்ன இருக்கிறது, திறந்து காட்டுங்கள் என்று கூச்சப்படாமல் கேட்கத் தெரியும். அப்படியே கேட்டாள்.

“செத்துடலாம்னு நெனப்பிருக்கா?”

அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இத்தனை நாள் இந்தக் கேள்வியைத் தலையும் வாலும் சேர்த்து முழுசாகக் கேட்டதில்லை போலிருக்கிறது.

“இருக்கு.”

“இன்னிக்கா?”

“காலைல இருந்துச்சு. இப்ப... தெரியல. பயமா இருக்கு அண்ணி.”

“சரி. நான் போகல. இங்கயேதான் இருக்கேன்.”

அழுகை வந்தது. சத்தம் போட்டு, மூக்கு ஒழுகி, அழகில்லாத அழுகை. கேமராக்கா முந்தானையால் துடைத்துவிட்டாள். அந்த முகத்தை அப்போதுதான் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். வீட்டுக்காரர் பஸ் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தே கண்டுபிடித்ததை, வாசலில் நின்று நாற்பது தடவை பார்த்தும் அவள் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணின் கைபேசியிலேயே டாக்டருக்குப் போட்டாள். தாடிக்காரர் பதறவில்லை, அளந்து பேசினார். தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கிற மாத்திரைகள் எல்லாம் உங்கள் கைக்கு வந்துவிடட்டும், உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

“என்ன காரணம்னு கேக்கட்டுமா டாக்டர்?”

“வேணாங்க. காரணம்னு கேட்டா அவங்க ஒண்ணைத் தேடி எடுத்துக் குடுத்தாகணும். தேடிக் கிடைக்கலன்னா தன்னையே காரணமாக் காட்டிடுவாங்க. ஏற்கனவே அதைத்தான் பண்ணிட்டிருக்காங்க. காய்ச்சல் வந்தவங்ககிட்ட ஏன்னு கேக்க மாட்டோம்ல, அதே மாதிரி பக்கத்துல இருங்க, போதும்.”

டாக்சியில் போகும்போது கேமராக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நடுவில் தம்பியைக் கூப்பிட்டு, “உசுரோட இருக்கா, கூட இருக்கேன், டாக்டர்கிட்டப் போறோம்” என்று மட்டும் சொன்னாள். கைபேசியை அந்தப் பெண்ணின் காதில் வைத்தாள். இறங்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது மாடியில் ஒரு சின்னக் கூடம், ஒரு பெஞ்சு. டாக்டர் உள்ளே அவளோடு முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு இருவரையும் கூட்டி வைத்துச் சொன்னார். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருப்பது நல்லது, மருந்தை மாற்ற வேண்டும், இது சரியாகும், ஆனால் நேர்கோட்டில் ஆகாது, ரெண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மூன்றாவது நாள் படுத்துக்கொள்வார், அன்றைக்கு நீங்களும் சேர்ந்து மனசு விட்டுவிடக் கூடாது. கேமராக்கா பள்ளிப்பிள்ளை மாதிரித் தலையாட்டினாள். அவர் ஆஸ்பத்திரிக்குப் பேசி இடம் சொல்ல உள்ளே போனார்.

பெஞ்சில் இருவர் மட்டும். தம்பி மனைவி ஜன்னல் வழியாக எதிர்ச்சாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போன வெள்ளிக்கிழமை அங்க நின்னீங்களே அண்ணி. ஜெராக்ஸ் கடையில.”

கேமராக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பாத்தியா?”

“அந்தக் குடையத் தெரியாதா? கம்பி ஒடிஞ்ச குடை.” மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசினாள். “அன்னிக்கு வெளிய வந்தப்ப வீட்டுக்குப் போற எண்ணமே இல்ல. எங்கயாவது போயிடணும்னு இருந்துச்சு. திரும்பி வரக் கூடாதுன்னு. அப்பத்தான் உங்களைப் பாத்தேன். எங்கிட்டச் சொல்லாம தொணைக்கு வந்து வெயில்ல நிக்கறீங்கன்னு நெனச்சேன். அதனால வீட்டுக்கே வந்துட்டேன்.”

எதற்கு வந்தேன் என்று சொல்லாமலே விட்டுவிடலாம். தம்பி சொல்ல மாட்டான், படத்தை அழித்துவிட்டால் ஆயிற்று. ஒரு நல்ல அண்ணியாக, பொத்தினாற்போல் இருந்துவிடலாம். சும்மாதான் வந்தேன் என்று சொல்ல வாய்கூடத் திறந்துவிட்டது. அந்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றதும் அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. இந்தப் பெண் இத்தனை நாள் ஒளிக்காமல் பேசியிருக்கிறாள். இவள் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் பொய்யை நட்டுவைப்பதா? நாளைக்கு வேறு யார் மூலமாவது தெரிந்தால் அந்த ஒரு பிடியும் போய்விடுமே.

“தொணைக்கு வரலம்மா” என்றாள். “உன்னைப் பிடிக்க வந்தேன். நீ எவனையோ பாக்கப் போறேன்னு நெனச்சேன். போட்டோ எடுத்து உன் புருஷனுக்கு அனுப்பினேன். உன் குப்பையக் கிளறினேன். நீ குடுத்ததையெல்லாம் எழுதி வெச்சேன், நீ ஓடிப்போகப் போறேன்னு.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனியவில்லை. பிடிபட்டவர்கள் தலையைக் குனிவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். தான் குனியக் கூடாது என்று நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். கோபமா, வெறுப்பா, எழுந்து போய்விடுவாளா, ஒன்றும் புரியவில்லை. தம்பி மனைவி அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு டாக்டர் அறைக் கதவைப் பார்த்தாள். அப்புறம் மறுபடி அவளைப் பார்த்தாள்.

“அந்தத் தாடியோடவா அண்ணி?”

கேமராக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு பீறிட்டது, கூடவே அழுகையும். அந்தப் பெண்ணின் உதட்டோரமும் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், நெளிந்தது. அது நிலைக்கவில்லை, வந்த வேகத்தில் போய்விட்டது. கண்ணில் மறுபடி அதே களைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

உள்ளே டாக்டர் போனில் இடம் கிடைத்துவிட்டது என்று யாரிடமோ சொல்வது கேட்டது. தம்பி மனைவி தன் கையை நகர்த்திக் கொண்டுவந்து கேமராக்காவின் கைக்குள் வைத்தாள். சில்லென்று இருந்தது.

“அதான் பிடிச்சிட்டீங்கல்ல அண்ணி,” என்றாள். “இனிமே விட்டுடாதீங்க.”